பாதாள அறையிலிருந்து ஒரு கேசட்

'டன்ஜியன் சிந்த்' என்று ஓர் இசை வகை இருக்கிறது. கோட்டைக்கு அடியில் இருக்கும் பாதாளச் சிறைக்கு டன்ஜியன் என்று பெயர். சிந்த் என்பது சிந்தசைசரின் செல்லப் பெயர். இரண்டையும் சேர்த்துப் படித்தால், யாரோ ஒருவர் பாதாளச் சிறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கீபோர்டு வாசிப்பது மாதிரி ஒரு படம் மனதில் வருகிறதல்லவா? இசையும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்!

பாட்டு கிடையாது. டிரம்ஸ் இருந்தாலும் எங்கோ தூரத்தில் யாரோ முரசு தட்டுவது போல எப்போதாவது கேட்கும். ஒரே சுரம் நீளமாகக் கீழே ஒலித்துக்கொண்டிருக்க, அதன் மேல் ஒரு சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வரும். பத்து நிமிடம், சில சமயம் இருபது நிமிடம்கூட அதே மெட்டுதான். கேட்பவர் அதற்குள் ஒரு காட்டையோ, இடிந்த கோட்டையையோ, பனி மூடிய மலைப்பாதையையோ தானே கற்பனை செய்துகொள்ள வேண்டும். கர்நாடக இசை தெரிந்தவர்கள் கேட்டால் பெரும்பாலும் நடபைரவி, கரஹரப்ரியா, தோடி ஆகியவற்றின் சுரங்களுக்குள்ளேயே இந்த மெட்டுகள் சுற்றுவது புரிந்துவிடும். கமகம் மட்டும் துளிகூட இருக்காது. சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, ஒரு விரலால் ஆர்மோனியத்தைத் தடவுகிற குழந்தையின் வாசிப்புக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. அந்தக் கிண்டலில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த இசையை உருவாக்கியவர்களில் பலர் அப்போது பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். இசைப்பள்ளிப் பக்கம் போகாதவர்கள். கையில் இருந்தது மலிவான கீபோர்டு. வெளியிட்டது கேசட்டில்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த உலகத்தை அறிமுகப்படுத்த மிக எளிய வழி அம்புலிமாமாதான். கையில் உருவிய வாள், தோளில் வேதாளம், சுற்றிலும் சுடுகாடு என்று விக்கிரமாதித்தன் நடந்து வரும் அந்தப் படம் நினைவிருக்கிறதா? அதை வரைந்த ஓவியர் சங்கர், அதாவது கே.சி.சிவசங்கரன், 1924-ல் தாராபுரம் பக்கம் காரத்தொழுவில் பிறந்தவர். அசல் கொங்கு நாட்டுக்காரர்! 2020-ல் தொண்ணூற்று ஆறாம் வயதில் காலமானார். டன்ஜியன் சிந்த் கேசட் உறைகளில் வருகிற கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால், கோபுரமும் வௌவாலும் தனியாக நடக்கும் வாள்வீரனும் என்று, அந்தச் சுடுகாட்டுப் படத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரியே இருக்கும். இங்கே நாம் படமாகப் பார்த்து வளர்ந்ததை அங்கே ஒலியாகச் செய்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சரி, எங்கே ஆரம்பித்தது இது?

கற்பனை உலகத்துக்குப் பின்னணி இசை செய்கிற ஆசை பழையது. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55-ல் மூன்று பாகங்களாக வந்தது. அதைப் படித்துவிட்டு ஸ்வீடன் நாட்டு ஆர்கன் கலைஞர் பூ ஹான்சன் 1970-ல் ஒரு முழு ஆல்பம் போட்டார். பாடல் வரி ஒன்றுகூட இல்லாமல், வெறும் வாத்திய இசையிலேயே கதையின் காட்சிகள். இங்கிலாந்தில் ஜிம் கர்க்வுட் என்பவர் 1990 வாக்கில் இதையே சிந்தசைசரில் செய்து, கேசட்டாக வெளியிட ஆரம்பித்தார். ஆனால் டன்ஜியன் சிந்த் என்று இன்று சொல்லப்படுவதன் நேரடி வேர் நார்வேயில் இருக்கிறது. அதுவும் சங்கடமான ஓர் இடத்தில்.

1990களின் தொடக்கத்தில் நார்வேயில் 'பிளாக் மெட்டல்' என்கிற கடுமையான ராக் இசை கிளம்பியது. முகத்தில் வெள்ளைச் சாயம், அலறல், மின்னல் வேக கிடார். அந்தக் குழுக்களின் கேசட்டுகளில் இரைச்சலுக்கு நடுவே ஓரிரு நிமிடம் கீபோர்டு மட்டும் தனியாக வரும். புயலுக்கு முன்னும் பின்னும் வருகிற அமைதி மாதிரி. அந்த ஓரிரு நிமிடத்தை மட்டும் எடுத்து, அதையே முழு கேசட்டாக்கினால் என்ன என்று யோசித்தவர்தான் ஹோவர்ட் எல்லெஃப்சன். 'எம்பரர்' என்ற குழுவில் பேஸ் கிடார் வாசித்துவிட்டு 1992-ல் வெளியே வந்தவர். 1975-ல் பிறந்தவர் என்பதால் அப்போது கல்லூரி முதலாண்டு வயது! தனக்கு 'மோர்ட்டிஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார். நீண்ட மூக்கும் கூர்மையான காதுமாக ஒரு முகமூடி. 1993-ல் ஒரு டெமோ கேசட். நீண்ட நாள் மறக்கப்பட்ட ஓர் ஆவியின் பாடல் என்று அதற்குத் தலைப்பு. அடுத்த ஆண்டே 'ஃபோட் டில் ஓ ஹெர்ஸ்கே' என்ற முதல் ஆல்பம். ஆளப் பிறந்தவன் என்று பொருள். ஒரே ஒரு மெட்டுத் தொகுதி, இரண்டு பகுதிகளாக ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். தனக்கென்று ஒரு நாடு, அதற்கு ஒரு வரைபடம், அதற்கு ஒரு புராணம் என்று எல்லாவற்றையும் அந்தப் பையன் தனியாகவே உண்டாக்கிக்கொண்டான்.

1995-ல் 'வோங்ராவன்' என்ற பெயரில் இன்னொரு நார்வேக்காரர், ஜெர்மனியில் 'டிப்ரஸிவ் சைலன்ஸ்', 1997-ல் அமெரிக்காவில் 'சீக்ரெட் ஸ்டேர்வேஸ்' என்று ஆங்காங்கே ஒவ்வொருவர் முளைத்தார்கள்.   இவர்கள் யாரும் தங்கள் இசையை டன்ஜியன் சிந்த் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெயர் பரவியது 2011-க்குப் பிறகுதான்.

சங்கடமான பகுதிக்கு வருவோம்.

இந்த வகையின் முன்னோடிகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் 'பர்ஸம்' என்ற பெயர் வரும். டோல்கீன் தன் கதையில் அரக்கர்களுக்காக உருவாக்கிய மொழியில் இருள் என்று அர்த்தம். அந்தப் பெயரில் இசை செய்தவர் வார்க் விகெர்னஸ். 1993 ஆகஸ்டில் தன் சக இசைக் கலைஞர் ஒய்ஸ்டைன் ஆர்செத்தைக் கத்தியால் குத்திக் கொன்றார். அதற்காகவும், பல தேவாலயங்களைக் கொளுத்தியதற்காகவும் 1994-ல் அவருக்கு 21 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறையில் கிடார், டிரம்ஸ் எதுவும் கிடையாது. கிடைத்தது ஒரு சிந்தசைசர். அதை வைத்து அவர் அங்கேயே பதிவு செய்த 'டௌடி பால்டர்ஸ்' 1997-ல் வெளியானது. நார்ஸ் புராணத்தில் பால்டர் என்ற தேவன் கொல்லப்படும் கதை. பாதாளச் சிறை இசை, நிஜமாகவே சிறைக்குள் இருந்து வந்துவிட்டது!

இதைக் கேட்டதும் 'அட, சுவாரசியமாக இருக்கிறதே' என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஒருவரின் உயிர் போன விஷயம் ஒரு கேசட்டுக்கு விளம்பர வாசகமாக மாறிவிடுகிறது. விகெர்னஸ் 2009-ல் விடுதலையானார். அதன் பிறகும் அடங்கவில்லை. இனவெறுப்பைத் தூண்டியதற்காக 2014-ல் பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இந்த இசையின் இன்றைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவர் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பகுதியினர் இசை வேறு, ஆள் வேறு என்கிறார்கள். மூன்றாவதாக ஒரு நிலைபாடும் இருக்கிறது, அதுதான் நியாயமாகவும் படுகிறது: வரலாற்றில் அவர் பெயரை மறைக்கவும் வேண்டாம், அவர் செய்ததை மறைக்கவும் வேண்டாம், காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். பழைய ராஜா, பழைய ரத்தம், பழைய பெருமை என்று கனவு காண்கிற எந்தக் கலைக்குள்ளும் இந்த விஷம் நுழைவதற்குக் கதவு திறந்தே கிடக்கிறது. ஐரோப்பாவுக்கு மட்டும் சொல்லப்படுகிற விஷயம் அல்ல இது. குலப்பெருமை பேசும் வீரகதைகள் நம் பக்கமும் நிறைய உண்டு.

நல்ல வேளையாக, 2010களில் வந்த புதிய தலைமுறை இந்த இசையை வேறு பக்கம் இழுத்துச் சென்றது. பிரான்சின் எரங் தன் குழந்தைப் பருவ நினைவுகளை ஒரு கற்பனை ராஜ்யமாக மாற்றினார். அமெரிக்காவின் ஃபீஃப், சண்டையே இல்லாத ஓர் இடைக்காலத்தை, சந்தையும் தோட்டமும் திருவிழாவுமாக வாசித்துக் காட்டினார். மோர்ட்டிஸும் இடையில் ராக் பக்கம் போய்விட்டுத் தன் பழைய இசைக்கே திரும்பி வந்தார். 2017 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இதற்கென்று தனி விழா எடுக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே கேட்க முடிகிற இசையை, ஐம்பது, நூறு பிரதி மட்டும் கேசட்டாகப் போடுகிறார்கள். அவை உடனே விற்றுத் தீர்ந்தும் விடுகின்றன.

ஏன் கேசட்? இந்தக் கேள்விக்குப் பதில் உணர்ச்சியில் பாதி, எந்திரத்தில் பாதி.

கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு உருவாக்கியது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர்தான். வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். ஸ்டுடியோவில் இருந்த பெரிய ஸ்பூல் டேப்புகள் இதைப் போல நான்கு மடங்கு, எட்டு மடங்கு வேகத்தில் ஓடுபவை. நாடா குறுகலாக இருந்து மெதுவாகவும் ஓடினால் இரண்டு விஷயம் நடக்கும். உச்சமான ஒலிகள் மழுங்கும், பின்னணியில் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தம் ஏறும். வேறு எந்த இசைக்கும் இது குறை. பாதாளச் சிறை இசைக்கோ இது வரம்! மலிவு கீபோர்டில் வயலின் பட்டனை அழுத்தினால் வருகிற பிளாஸ்டிக் சத்தம், கேசட்டில் பதிந்ததும் கூர்மை போய்ப் பழையதாகிவிடும். எங்கோ கல்மண்டபத்தில் நிஜமாகவே யாரோ வாசிப்பது போல. அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம் மண்டபத்துக்குள் வீசுகிற காற்று. மோட்டார் லேசாகத் தடுமாறினால் சுரம் நடுங்கும். அதுவும் பழமைக்குப் பழமை சேர்க்கும். ஆக, அந்தக் கற்பனைக் கோட்டையின் பாதியைக் கட்டியது கீபோர்டு அல்ல, நாடா.

இனி நம் ஊர்ப் பக்கம்.

கற்பனை உலகத்துக்கு சிந்தசைசர் இசை, அதுவும் ஒரு மாணவர் செய்தது, அதுவும் நாடாவில் பதிந்தது... இப்படி ஒன்று இந்தியாவில் நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. மோர்ட்டிஸ் பிறப்பதற்கும் முன்பே!

அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. சாராபாய் குடும்பத்தைச் சேர்ந்த கௌதம், கீரா இருவரும் அதற்குக் காரணமானவர்கள். அவர்களின் சகோதரி கீதா சாராபாய் பக்கவாஜ் வாசிப்பவர். 1946-ல் நியூயார்க் போனபோது ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டவர். அந்த நட்பு வட்டத்திலிருந்து டேவிட் டியூடர் என்பவர் 1969-ல் அகமதாபாத் வந்தார். நியூயார்க்கிலிருந்து வந்த மூக் சிந்தசைசரை வைத்து இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடம் அங்கே அமைந்தது. அலமாரி அளவு பெட்டி, அதில் கம்பிகளைத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மாதிரி மாற்றி மாற்றிச் சொருகினால்தான் ஒலி வரும். 1972 வரை அங்கே பதிவுகள் நடந்தன. ஐ.எஸ்.மாத்தூர் பறவைகளின் குரலைப் போலச் செய்து பார்த்தார். எஸ்.சி.ஷர்மா போருக்குப் பிந்தைய நிலம் என்று ஒரு துண்டு செய்தார். அதுல் தேசாய் தன் குரலையே எந்திரத்துக்குள் செலுத்தினார். கீதா சாராபாயும் வாசித்தார்.

ஜின்ராஜ் ஜோஷிபுரா என்ற இளம் மாணவர் செய்ததற்குப் பெயர் 'ஸ்பேஸ் லைனர் 2001'. தலைப்பைப் பார்த்ததும் 1968-ல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளிப் படம் ஞாபகத்துக்கு வரும். பூமியை விட்டுக் கிளம்பும் ஒரு கப்பலின் பயணத்தை ஒலியாலேயே வரைந்த முயற்சி. கோட்டைக்குப் பதில் விண்கலம், பனிக்காட்டுக்குப் பதில் வெற்றிடம். மற்றபடி எல்லாம் அதேதான். நீண்டு கிடக்கும் சுரம், மெல்ல மாறும் நிறம், கேட்பவர் உள்ளே நுழைந்துகொள்ள ஒரு கற்பனை வெளி.

அதற்கப்புறம் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. நாடாக்கள் அலமாரிக்குப் போயின. இந்தியாவில் மின்னணு இசை என்று வரலாறு எழுதியவர்கள் இந்தக் கூடத்தைக் குறிப்பிடவே இல்லை என்று சொல்லலாம். பால் புர்காஸ் என்ற லண்டன் கலைஞர் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடிப்போய் அந்த நாடாக்களைக் கண்டுபிடித்தபோது கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. 2020-ல் பி.பி.சி. வானொலியில் அவர் இதைப் பற்றி நிகழ்ச்சி செய்தார். 2023-ல் அந்தப் பதிவுகள் முதல்முறையாக ஆல்பமாக வெளிவந்தன. வெளியிட்டதும் லண்டனில்தான்.

சரண்ஜித் சிங் கதையும் இதற்கு அக்காதான். பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று எந்திரங்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஹெச்.எம்.வி. மூலம் வெளியிட்டார். யாரும் சீண்டவில்லை. 2010-ல் ஒரு நெதர்லாந்துக்காரர் மறுபதிப்பு போட்டதும் உலகமே 'ஆசிட் ஹவுஸ் இசையை இவர் முன்கூட்டியே செய்துவிட்டாரே!' என்று வாயைப் பிளந்தது. சிங் 2015-ல் மறைவதற்கு முன் ஐரோப்பாவில் மேடை ஏறி வாசிக்கும் வாய்ப்பாவது கிடைத்தது.

தமிழ்நாட்டில் சிந்தசைசர் ஆராய்ச்சிக்கூடம் வழியாக வரவில்லை. சினிமா வழியாகவும், கேசட் கடை வழியாகவும் வந்தது. 1986-ல் வந்த விக்ரம், புன்னகை மன்னன் இரண்டு படங்களிலும் இளையராஜா செய்த எந்திர ஒலிகள் தமிழ்க் காதுகளைப் பழக்கிவிட்டன. அப்போது அவரிடம் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் பிற்பாடு ஏ.ஆர்.ரஹ்மான் ஆனார். ரோஜா வருவதற்கு முன்பே 'தீன் இசை மாலை' என்ற இஸ்லாமிய பக்திப் பாடல் கேசட்டுக்கு இசையமைத்தார். இந்த இடம் முக்கியம். 1980களின் நடுவிலிருந்து பத்துப் பதினைந்து வருடம் தமிழ்நாட்டின் பக்தி கேசட் என்பது தனி உலகம். முழு ஆர்கெஸ்ட்ரா வைக்கக் காசு இல்லை. ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, ஒரு புல்லாங்குழல், ஒரு பாடகர். இடி இடிக்க வேண்டுமா, கீபோர்டு. சங்கு ஊத வேண்டுமா, கீபோர்டு. அம்மன் அவதரிக்கும்போது 'ஊஊஊ' என்று தேவலோகக் குழுக்குரல் வேண்டுமா, அதற்கும் கீபோர்டில் ஒரு பட்டன்! மோர்ட்டிஸ் அழுத்தியதும் கிட்டத்தட்ட அதே மாதிரி பட்டனைத்தான்.

இப்போது சென்னிமலையை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டிலிருந்து பெருந்துறை, காங்கேயம் பக்கம் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஊர். போர்வைக்கும் பெட்ஷீட்டுக்கும் பேர் போன நெசவாளர் ஊர். மலைமேல் முருகன், ஏறிப்போக 1320 படிகள். தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் இந்த மலைக்கோயிலில்தான் அரங்கேறியது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய பதிவு, ரெக்கார்டிலிருந்து கேசட்டுக்கும் பிறகு சி.டி.க்கும் மாறி, விடிகாலையில் தமிழ்நாட்டின் கோயில் ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் கேட்டது. கவசத்தின் உள்ளடக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். உடலின் ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டும். பேய், பூதம், பில்லி சூனியம், கொடிய விலங்கு, விஷம் எல்லாம் விலகி ஓட வேண்டும். இருட்டான காட்டில் நடக்கிற ஒருவனுக்குத் தேவையான எல்லாப் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. நார்வேப் பையன்கள் பூதங்களைக் கற்பனை செய்து அவற்றோடு வாழ ஆசைப்பட்டார்கள். இங்கே பாடுகிறவர்களுக்கு அது கற்பனை இல்லை, விலக்க வேண்டிய உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் இரண்டையும் சுமந்தது அதே 3.81 மில்லிமீட்டர் நாடா.

கொங்கு நாட்டின் சொந்த வீரகதை இன்னும் நெருக்கமாக வருகிறது. அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்கை தங்காள், ஊரையே கலக்கும் கொம்பன் பன்றி, மாயம், சாபம், வீரப்பூர் படுகளம். உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். ஒரே சின்ன மெட்டு, ஒரே உடுக்கைத் தாளம், மணிக்கணக்கில். கேட்பவர் அதற்குள் போய்விடுவார், சிலருக்கு அருளும் வந்துவிடும். பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் 1960களில் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, 1965-ல் இந்தக் கதை முழுவதையும் பல இரவுகள் உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்தார். சென்னிமலையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அந்தப் பதிவிலிருந்து 1982-ல் 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற ஆய்வு நூல் வந்தது, 1992-ல் சென்னையிலிருந்து கதையின் தமிழ், ஆங்கில வடிவம் அச்சானது, பிற்பாடு அனிமேஷன் தொடராகவும் ஆனது. கலைஞர் நாவலாக எழுதி, 2011-ல் அது 'பொன்னர் சங்கர்' என்று இளையராஜா இசையில் சினிமாவாகவும் வந்தது.

ஆக, என்ன தப்பித்தது, எது தப்பிக்கவில்லை என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. சொற்ப எண்ணிக்கையில் வெளியான நார்வே டெமோ கேசட் தப்பித்துவிட்டது. அதை ரசிகர்கள் ஒருவருக்கொருவர் நகலெடுத்துக் கொடுத்தார்கள், பிறகு கணினியில் ஏற்றினார்கள், பிறகு மறுபதிப்பு போட்டார்கள். அகமதாபாத் நாடா ஒரு நிறுவனத்தின் அலமாரியில் இருந்ததால் தப்பித்தது. அண்ணன்மார் கதைப் பதிவு ஓர் ஆராய்ச்சியாளர் கையில் இருந்ததால் தப்பித்தது. கவசம் பெரிய கம்பெனியின் பதிவு, என்றைக்கும் விற்கும், அதற்குப் பயமே இல்லை. தப்பிக்க வழியில்லாமல் நிற்பது நடுவில் இருக்கிறது. ஊர் ஊராக உள்ளூர்க் குழுக்கள் கீபோர்டு வைத்துப் போட்ட அம்மன் பாட்டு, கருப்பணசாமி பாட்டு, குலதெய்வக் கதை கேசட்டுகள். அடிவாரக் கடைகளில் தேங்காய் பழத்தட்டுக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கியவை. வாசித்தவர் பெயர் உறையில் இருக்காது. கம்பெனியே இரண்டு மூன்று வருடத்தில் காணாமல் போயிருக்கும். பீட்டர் மேனுவல் 1993-ல் இந்தியாவின் கேசட் பண்பாடு பற்றி நல்ல புத்தகம் எழுதினார், அது வட இந்தியாவைப் பற்றியது. அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982-ல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் குர்காவ்னில் இருக்கிறது. ஊர்க் கடை கேசட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? 'அதெல்லாம் சும்மா கீபோர்டு பாட்டு' என்று எடைக்குப் போட்டுவிடுவார்கள். மோர்ட்டிஸ் வாசித்ததும் சும்மா கீபோர்டுதான்!

பரணில் இன்னும் கிடக்கிறவர்களுக்கு: நம் ஊர் ஈரத்தில் கேசட்டுக்கு முதல் எதிரி பூஞ்சை. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அப்படியே டேப் ரெக்கார்டரில் போடக்கூடாது, ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அடுத்தது, நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு. பசை காய்ந்து விழுந்துவிட்டால் ஒலி மங்கும், ஆனால் பதிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை. திருகாணி போட்ட கேசட்டாக இருந்தால் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்குள் மாற்றிவிடலாம். ஒட்டிய கூடாக இருந்தால் ஓரத்தைப் பிளக்க வேண்டும், அதுவும் முடிகிற வேலைதான். பல வருடம் ஓடாத கேசட்டை எடுத்த எடுப்பில் போடாமல், முதலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுதாக ஒருமுறை சுற்றிவிட வேண்டும். பிறகு ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போதும். அறுபது நிமிடக் கேசட்டைக் கணினியில் ஏற்ற அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது, உட்கார்ந்து முழுதாகக் கேட்டே ஆக வேண்டும்.